‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’

எங்கட ஸ்டாஃப் ரூமில் கதிரைகளில் பேர் எழுதியிருக்காது. ஆனாலும் எது யாருடைய கதிரை என்று முதல் நாளே தெரிந்துவிடும். 2019இல் நியமனக் கடிதத்தோடு போய், ஃபேனுக்குக் கீழே காலியாக இருந்த ஒன்றில் உட்கார்ந்தேன். “மிஸ், அது கணித சேர்ட இடம்” என்று யாரோ சொன்னார்கள். எழும்பினேன். அடுத்ததும் யாருடையதோ. கடைசியில், இடாப்பு அலுமாரியின் கதவு திறந்தால் முதுகில் இடிக்கிற மூலையில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. மூன்று வருஷம் அதிலதான் இருந்தேன்.

பாடசாலையின் பேர் வேண்டாம். கொட்டாஞ்சேனைப் பக்கம், அரசாங்கப் பாடசாலை, தமிழ் மொழிமூலம். பிள்ளைகள் ஜிந்துப்பிட்டி, ஜம்பட்டா வீதி, புளூமெண்டால் பக்கமிருந்து நடந்து வருவார்கள். அப்பாமாருக்குத் துறைமுகத்தில், செட்டியார் தெரு நகைப் பட்டறைகளில், புறக்கோட்டை மொத்தக் கடைகளில் வேலை. ஆசிரியர்கள் நாங்கள் அநேகமாக வேறெங்கிருந்தோ வருகிறவர்கள். நான் வெள்ளவத்தை. காலி வீதியில் 101 பிடித்துப் புறக்கோட்டை, அங்கிருந்து இன்னொரு பஸ். இடைவேளைக்குப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று கன காலம் தெரியாது.

அப்போதிருந்த அதிபரை ‘பெரிய சேர்’ என்போம். காலை ஆறே முக்காலுக்கே கேட்டடியில் நிற்பார். அலுமாரித் திறப்புகள் எல்லாம் அவரிடம். ஒரு பெட்டி வெண்கட்டி வேண்டுமென்றாலும் அவரிடம்தான் போகவேண்டும். யார் தரம் 11க்குப் படிப்பிப்பது, யார் பகுதித் தலைவர், எந்தப் பிள்ளை மாணவத் தலைவர், எல்லாம் அவருடைய அறைக்குள் முடிவாகி, ஒரு தாளாக வெளியே வந்து அறிவித்தல் பலகையில் தொங்கும். மாதம் ஒருக்கா ஆசிரியர் கூட்டம் நடக்கும். அதில் எங்களிடம் அபிப்பிராயம் கேட்கப்பட்டதாக எனக்கு ஞாபகம் இருப்பது ஒரே ஒரு விஷயம்: இல்ல விளையாட்டுப் போட்டிக்கு பற்றிஸா, ரோல்ஸா? முக்கால் மணித்தியாலம் விவாதம் நடந்தது. குரல்கள் உயர்ந்தன. ஒரு மிஸ் கண் கலங்கினா. (நான் ரோல்ஸ் பக்கம்.)

வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இலங்கையில் ஒரு அரசாங்கப் பாடசாலைக்குள் தீர்மானிக்கக்கூடியது கொஞ்சம்தான். பாடத்திட்டம் மகரகமையில், தேசிய கல்வி நிறுவகத்தில் முடிவாகும். பொதுப் பரீட்சைகளைப் பரீட்சைத் திணைக்களம் பார்த்துக்கொள்ளும். இடமாற்றத்துக்கு வலயம், மாகாணம், அமைச்சு என்று ஏறி இறங்கவேண்டும். எங்கள் கைக்குள் மிஞ்சியிருப்பது நேரசூசி. அதனால் நேரசூசிதான் எங்கட அரசியல். அப்போது ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை, நாற்பது நிமிஷப்படி. வாரத்துக்கு நாற்பது கட்டங்கள். யாருக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டும் தரம் 9 விழுந்திருக்கு, யாருக்கு முதல் பாடவேளை இலவசம், ரிலீஃப் எப்போதும் ஏன் அதே நாலு பேருக்கு, சங்கீத மிஸ்ஸின் பாடவேளையை ஏன் எந்த நேரமும் கணிதத்துக்கு எடுக்கிறார்கள், எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் இருக்கு. சாதாரண தர வகுப்புக் கிடைத்தவருக்கு ஊரில் பேர் வரும், பின்னேர டியூஷனுக்குப் பிள்ளை வரும். தரம் 6 கிடைத்தவருக்குத் தலையிடி வரும். ஒரு பாடசாலையில் யாருக்கு மதிப்பு என்று தெரியவேண்டுமென்றால் நேரசூசியை வாசித்தால் போதும். இதைத்தான் எங்களிடம் கேட்பதில்லை. பற்றிஸைக் கேட்பார்கள்.

அந்த நாட்களில் சனி, ஞாயிறில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அதில் தலைமைத்துவப் பாணிகள் என்று ஒரு அலகு. 1939இல் வெளிவந்த ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தோம். அமெரிக்காவின் அயோவாவில் குர்ட் லெவின், லிப்பிட், வைட் என்ற மூவர் பத்து வயதுப் பையன்களைச் சின்னச் சின்னக் கழகங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவரைத் தலைவராகப் போட்டார்கள். ஒருவர் கட்டளை போடுகிறவர். ஒருவர் பையன்களோடு கலந்து பேசி முடிவெடுக்கிறவர். இன்னொருவர் எதையும் கண்டுகொள்ளாதவர். (லெவின், ஹிட்லர் வந்த 1933இல் ஜெர்மனியை விட்டுப் போன யூதர். இந்தக் கேள்வி அவருக்கு ஏன் வந்தது என்று ஊகிக்கக் கஷ்டமில்லை.) கட்டளைத் தலைவர் நிற்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் அறையை விட்டு வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசுகிறவர் வெளியே போனபோது வேலை பெரிதாகக் குறையவில்லை.

நான் சிரித்துவிட்டேன். பெரிய சேர் வலயக் கூட்டத்துக்குப் போகிற நாட்களில் எங்கட ஸ்டாஃப் ரூம் அப்படியே அந்த அயோவா அறைதான். பதினொரு மணிக்குப் பிறகு வகுப்பில் ஆளிருக்காது. நானும் இருந்ததில்லை.

ஆனால் நியாயத்தையும் சொல்லவேணும். ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால், நாலாம் நாள் பெரிய சேர் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நிற்பார். தோட்ட வீடுகளின் ஒடுக்கமான ஒழுங்கைகளுக்குள்ளேயே போவார். முடிவு பிழைத்தால் அது அவருடைய பிழை. யாரைத் திட்டுவது என்று எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்போது அதை நான் ஒரு நன்மையாக நினைக்கவில்லை.

2021 ஜூலை 12. சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச்சொல்லி ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஒக்டோபர் 25 வரை நீண்டது. அன்றிரவு அதிபர் இல்லாத ஒரு வட்ஸ்அப் குழு பிறந்தது. எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் தாங்களாகக் கூடி எதையாவது தீர்மானித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். வருஷக்கணக்கில் வாய் திறக்காதவர்கள் ஒன்றரை நிமிஷ வொய்ஸ் நோட் போட்டார்கள். சம்பளக் கோரிக்கை நியாயமானது, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் போனே இல்லாத பிள்ளைகள் ஏற்கெனவே ஒன்றரை வருஷமாக எங்கள் பார்வையில் இல்லை என்பதையும் அந்தக் குழுவில் யாரும் பேசவில்லை. நான் உட்பட.

வருஷ முடிவில் பெரிய சேர் ஓய்வு பெற்றார். 2022 ஜனவரியில் புது அதிபர் வந்தார். அவரை ‘புது மிஸ்’ என்றுதான் இன்றைக்கும் சொல்கிறோம். முதல் கூட்டத்தில் கதிரைகளை வட்டமாகப் போடச்சொன்னார். கணித சேர் தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார், வேறு யாரும் அதில் இருந்துவிடக்கூடாதென்று.

“இந்த வருஷ நேரசூசியை நீங்களே போடுங்க. என்ன வேணும், என்ன ஏலாது எண்டு சொல்லுங்க.”

ஒருவரும் பேசவில்லை. கடைசியில் மூத்த மிஸ் ஒருத்தர்: “நீங்களே பாத்து ஒரு முடிவச் சொல்லுங்க மிஸ். நாங்க செய்யுறம்.”

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு காலம் கேட்கவில்லை என்று புறுபுறுத்துவிட்டு, கேட்கும்போது ஊமையா? ஆனால் நானும்தான் பேசவில்லை. காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். கூட்டத்தில் யார் ஒரு யோசனை சொல்கிறாரோ, அந்த வேலை அவர் தலையில் விழும். தமிழ்த்தினப் போட்டியைப் பற்றி வாய் திறந்தவர்தான் ஒரு மாதத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலையவேண்டும். எங்களுடைய மௌனத்தில் பயம் கால்வாசி. மிச்சமெல்லாம் களைப்பு.

கூடி முடிவெடுப்பது ஏதோ புது மிஸ் கண்டுபிடித்த விஷயமுமில்லை. 2006இல் கல்வி அமைச்சு பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் எல்லாரும் சேர்ந்த பாடசாலை அபிவிருத்திக் குழு அதில் வந்தது. எங்கள் பாடசாலையிலும் அந்தக் குழு இருக்கு, பெயின்ற் அடிக்கிற கணக்குக்குக் கையெழுத்துப் போட வருடத்தில் சில தடவை கூடும். அந்தத் திட்டத்தால் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று ஹர்ஷ அத்துருபான உள்ளிட்ட ஆய்வாளர்கள் சிலர் பார்த்திருக்கிறார்கள். தரம் 4 பிள்ளைகளின் கணிதமும் ஆங்கில வாசிப்பும் முன்னேறியிருந்தன. தாய்மொழியில் அந்த முன்னேற்றம் இல்லை. தரம் 8இல் எதிலுமே இல்லை. டிப்ளோமாவுக்காக வாசித்தபோது அந்தத் ‘தாய்மொழி’ என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றேன். நான் படிப்பிப்பது தமிழ்.

2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள். அச்சடிக்கத் தாள் இல்லை, தாள் இறக்கக் காசில்லை. புது மிஸ் கூட்டத்தைக் கூட்டி, கீழ் வகுப்புகளுக்காவது வகுப்பறைக்குள் ஏதாவது செய்யலாமா என்று கேட்டார். வழமையான மௌனம். அப்போது சங்கீத மிஸ் சொன்னா: “எனக்கு எந்த வருஷம்தான் தாள் தந்தீங்க? நான் கேள்விய வாசிப்பேன், புள்ளைங்க எழுதும். அவ்வளவுதான்.”

எல்லாரும் சிரித்தோம். அவ சிரிக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். பலகையில் எழுதுவதா, வாசிப்பதா, பழைய கொப்பிகளின் வெற்றுத் தாள்களைக் கிழிப்பதா. ஒரு மணித்தியாலத்தில் முழுத் திட்டமும் வந்துவிட்டது. பெரிய சேர் தனியாக இருந்து யோசித்திருந்தால் இது வந்திராது என்று நிச்சயமாகச் சொல்வேன். சங்கீத மிஸ்ஸிடம் கேட்கவேண்டுமென்றே அவருக்குத் தோன்றியிருக்காது.

அந்த வாசிப்பில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. தரம் 6இல் ஒரு பையன். எந்த வினாத்தாளிலும் பத்துப் பதினைந்து புள்ளிக்கு மேல் எடுத்ததில்லை. நான் கேள்வியை வாசித்தபோது வாயால் எல்லாவற்றுக்கும் விடை சொன்னான். கதையில் வருகிற ஆள் ஏன் பொய் சொன்னான் என்பதற்கு, நான் யோசிக்காத ஒரு காரணம் சொன்னான். அவனுக்குத் தமிழ் தெரியும். வாசிக்கத்தான் தெரியாது. பாடசாலைகள் மூடியபோது தரம் 5இல் இருந்தவன். வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பாவோடு துறைமுகத்துக்குப் போய்விடும்.

தேடிப் பார்த்தால் இப்படிப் பதினாலு பேர். புதுக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கியபோது, வாரத்துக்கு இரண்டு பாடவேளை பரிகாரக் கற்பித்தலுக்குக் கேட்டேன். கேட்டவள் நான், வேலையும் என் தலையில். அந்தத் தடவை பரவாயில்லை என்றிருந்தது. ஜூனில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடும்வரை அந்தப் பையன் எழுத்துக்கூட்டி ஒரு பந்தி வாசிக்கும் அளவுக்கு வந்திருந்தான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் இருக்கிற கடைப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதாகச் சொன்னான்.

ஜூலை 25இலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் பாடசாலை: திங்கள், செவ்வாய், வியாழன். நாற்பது கட்டங்கள் இருபத்திநாலாகச் சுருங்கின. எதை வெட்டுவது? அதற்கு முந்தின வாரம் கூட்டம் கூடியது. பஸ் இல்லை, பெற்றோல் வரிசை மைல் கணக்கில். வந்தது பதினொரு பேர். சங்கீத மிஸ் வரவில்லை. அந்தப் பையனின் வகுப்பாசிரியரும் வரவில்லை.

புது மிஸ் வெண்பலகையில் பாடங்களை எழுதினார். சாதாரண தர, உயர்தர வகுப்புகளுக்கு எதையும் குறைக்க ஏலாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். சங்கீதம், சித்திரம், நடனம், உடற்கல்வி போயின. பிறகு யாரோ, “பரிகார வகுப்பும் இப்போதைக்கு வேணாமே, நிலைமை சரியானதும் பாப்பம்” என்றார். யார் என்று எனக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. கடைசி இரண்டு பாடவேளையும் இல்லாதவர்கள் பன்னிரண்டு பத்துக்கே வெளிக்கிடலாம் என்று மிஸ் முதலே சொல்லியிருந்தார். நான் கணக்குப் பார்த்தேன். வியாழக்கிழமை அந்த இரண்டும் போனால், கூட்டம் ஏற முதல் புறக்கோட்டையில் 101 பிடிக்கலாம்.

“யாருக்காவது வேற கருத்து இருக்கா?”

மிஸ் கேட்டுவிட்டு நின்றார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் நிஜமாகவே கேட்டார், அதில் பாசாங்கு இல்லை. நான் கையை உயர்த்தினேன், ஆதரித்து.

எட்வின் பிரிட்ஜஸ் என்று ஒரு அமெரிக்கக் கல்வியாளர் 1967இல் எழுதியதை டிப்ளோமாவில் படித்திருந்தேன். ஒரு முடிவில் ஆசிரியர்களைச் சேர்ப்பதா என்று பார்க்க அதிபர் இரண்டு கேள்வி கேட்கவேண்டும் என்பார்: இது அவர்களைப் பாதிக்கிறதா? இதைப்பற்றி அவர்களுக்குத் தெரியுமா? இரண்டுமே இல்லாத விஷயத்துக்குக் கூப்பிட்டால் அலுப்புத்தான் வரும் (பற்றிஸ்!). பரீட்சையில் இதை அழகாக எழுதிப் புள்ளியும் எடுத்தேன். அன்றைய கூட்டத்தில் அந்த இரண்டு கேள்விக்கும் ‘ஆம்’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். பையன்களைப் பற்றித் தெரிந்தவள் நான். ஆனால் பாதிக்கப்படப்போவது நானில்லை. எனக்கு அதில் இலாபம். பிரிட்ஜஸின் கேள்விகளுக்குள் அந்தப் பதினாலு பேரும் வரவேயில்லை, எங்கள் வட்டத்திலும் அவர்களுக்குக் கதிரை இல்லை.

ஆகஸ்ட்டில் ஐந்து நாளும் திரும்பி வந்தது. சித்திரம் வந்தது, உடற்கல்வி வந்தது. சங்கீத மிஸ் ஸ்டாஃப் ரூமில் சண்டை பிடித்துத் தன் பாடவேளைகளை எடுத்துக்கொண்டா. பரிகார வகுப்பு வரவில்லை. வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. திருப்பிப் போடுவது யாருடைய வேலை என்று முடிவாகாததால் அது யாருடைய வேலையாகவும் இல்லை. நான் கேட்டிருக்கலாம். அடுத்த தவணை என்று நினைத்தேன், பிறகு அடுத்த வருஷம் என்று நினைத்தேன், பிறகு நினைக்கவில்லை. பெரிய சேர் இருந்திருந்தால் அந்த வகுப்பு தொடங்கியே இராது. ஆனால் தொடங்கிய ஒன்று இப்படிச் சத்தமில்லாமல் காணாமல் போகவும் அவர் விட்டிருக்கமாட்டார் என்று சில வேளை தோன்றும். இந்த இரண்டையும் எப்படி ஒன்றாகப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய காலத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லவில்லை. வெண்கட்டிக்கு அவரிடம் கையேந்தி நின்ற நாட்கள் எனக்கு மறக்காது.

2024இல் தரம் 9க்குத் தமிழ் எனக்கு வந்தது. முதல் நாள் பலகையில் ஒரு பந்தி எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசையில் நல்ல உயரமாக வளர்ந்த ஒருவன், பக்கத்துப் பையனின் காதுக்குள் ஏதோ கேட்டான். அவன் மெதுவாக வாசித்துக் காட்டினான். உயரமானவன் கொப்பியில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படம் கீறுவதுபோல் பார்த்துப் பார்த்து எழுதினான்.

அன்று இடைவேளைக்கு அலுவலகத்துக்குப் போய் 2022ஆம் ஆண்டுக் கூட்ட அறிக்கைக் கொப்பியைக் கேட்டு வாங்கினேன். ஜூலைப் பக்கத்தில் அழகான கையெழுத்தில் இருந்தது: “பரிகாரக் கற்பித்தல் பாடவேளைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” யார் முன்மொழிந்தது என்று இல்லை. எப்போது திரும்பப் பார்ப்பது என்று இல்லை. வராதவர்களின் பேரும் இல்லை.

கொப்பியைப் புது மிஸ்ஸிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “நான் திரும்பவும் ஒருக்கா கேட்டிருக்கணும்” என்றார். “நான் சொல்லியிருக்கணும் மிஸ்” என்றேன். அதற்குமேல் அங்கே பேச ஒன்றுமிருக்கவில்லை. இப்போது கூட்ட அறிக்கை எழுதுவது என் வேலை. வாயைத் திறந்ததற்கான பலன். தேதிக்கு அடுத்ததாக வராதவர்களின் பேரை எழுதுகிறேன். ‘தற்காலிகமாக’ என்று யாராவது சொன்னால், எத்தனையாம் திகதி வரை என்று கேட்கிறேன். கணித சேருக்கு அது பிடிப்பதில்லை.

வகுப்பைத் திரும்பத் தொடங்குவதற்கு நேரசூசியில் இடம் தேடினோம். அந்த வருஷம் முழுக்கக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. பாடசாலை விட்ட பிறகு அரை மணித்தியாலம் என்று புது மிஸ்ஸும் நானும் முடிவெடுத்தோம். எல்லாம் எழுதி முடித்த பிறகுதான், அவனிடம் கேட்கவில்லையே என்று எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் தாழ்வாரத்தில் மறித்துக் கேட்டேன்.

“ஒன்றரைக்கு ஏலாது மிஸ். மாமாட கடைக்குப் போகணும், சாமான் எறக்க.”

“அப்ப எத்தனை மணிக்கு ஏலும்?”

யாரும் இதை அவனிடம் கேட்டதில்லைபோல, என் முகத்தைப் பார்த்தான். பிறகு கேட்டுப் பக்கம் பார்த்தான்.

“காலைல வரலாம். ஆறே முக்காலுக்கு.”

ஆறே முக்காலுக்குக் கொட்டாஞ்சேனையில் நிற்கவேண்டுமென்றால், வெள்ளவத்தையில் ஐந்தே முக்கால் 101ஐப் பிடிக்கவேண்டும். சரி என்றேன்.